பையன் என்பிஏ போவானா? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த லெட்டர்ல பாதிக்கு மேல ஒரே விஷயந்தான். அமெரிக்காவுல படிக்கிற நம்ம பிள்ளைங்க விளையாட்டுல ப்ரோ ஆக முடியுமா, முடியும்னா எவ்வளவு சான்ஸ், அதுக்காக வீடு எவ்வளவு தாங்கலாம். நான் பதினேழு வருஷமா ஒரு பப்ளிக் ஹைஸ்கூல்ல கவுன்சிலரா இருக்கேன், என் பொண்ணும் காலேஜ்ல சாக்கர் ஆடினவ, அதனால இந்த இதழ் முழுக்க இதையே எடுத்துக்கிட்டேன். பேரையும் ஊரையும் எடுத்துட்டு, கேள்விகள கொஞ்சம் சுருக்கி போட்டிருக்கேன்.

கேள்வி: அண்ணா, என் பையன் டென்த் கிரேடு, ஸ்கூல் பாஸ்கெட்பால் வார்சிட்டி (முதல்) டீம்ல பாயின்ட் கார்டு. ஆறடி ஒரு அங்குலம் இருக்கான். வீக்கெண்ட் ஆனா டிராவல் டீம், ஏதாவது ஒரு ஊர்ல டோர்னமென்ட். அவன் கோச் "இவன்கிட்ட நெக்ஸ்ட் லெவல் இருக்கு"ன்னு சொன்னதுலேருந்து வீட்ல என்பிஏ தவிர வேற பேச்சே இல்ல. நெஜமா எவ்வளவு சான்ஸ்னு மறைக்காம சொல்லுங்க.

மறைக்காமலே சொல்றேன். அமெரிக்காவுல ஹைஸ்கூல் டீம்ல பாஸ்கெட்பால் ஆடுற பசங்க மட்டும் 5 லட்சத்துக்கு மேல. என்சிஏஏங்கற காலேஜ் விளையாட்டு அமைப்புல இருக்கிற காலேஜ்கள்ல மூணு டிவிஷனையும் (ஒண்ணுதான் மேல் மட்டம்) சேத்தா ஆடுறவங்க 19,000 பேர் கிட்ட. நூறு பசங்கள்ல மூணு நாலு பேருக்குத்தான் காலேஜ் ஜெர்சி, அதுலயும் டிவிஷன் ஒன் மட்டும் பாத்தா நூத்துல ஒருத்தன். அதுக்கு மேல போனா இன்னும் குறுகும், ஒரு வருஷத்துல டிராஃப்ட்டுக்கு, அதாவது ப்ரோ டீமுங்க புது ஆளுங்கள வரிசையா எடுக்கிறதுக்கு, வர்ற காலேஜ் பசங்க நாலாயிரத்துக்கு மேல இருப்பாங்க, என்பிஏ டிராஃப்ட்ல ரெண்டு ரவுண்டும் சேத்து மொத்தமே 60 இடம், அந்த 60லயும் சிலது ஐரோப்பாவுலேருந்து நேரா வர்ற பசங்களுக்கு போயிடும். காலேஜ்ல ஆடுறவங்கள்லயே நூத்துக்கு ஒருத்தருக்குத்தான் அந்த மேடையில பேரு கூப்பிடுவாங்க. ஹைஸ்கூல்லேருந்து கணக்கு போட்டா பத்தாயிரம் பேருக்கு மூணு நாலு பேர்.

டிராஃப்ட் ஆயிட்டா முடிஞ்சுதுன்னு நெறைய பேர் நினைக்கிறாங்க, அதுவும் இல்ல. முப்பது டீம், டீமுக்கு 15 பேர், ஆக 450 நாற்காலி, அது போக என்பிஏவுலயும் அதோட கீழ் லீக்லயும் மாறி மாறி ஆடுற டூ-வே கான்ட்ராக்ட்னு டீமுக்கு மூணு பேர். அந்த நாற்காலியில ஏற்கெனவே ஆள் உக்காந்திருக்கு, நல்லா ஆடுறவன் பத்து பதினஞ்சு வருஷம் எழுந்திரிக்க மாட்டான், அதுல நூத்துக்கு மேற்பட்டவங்க வெளிநாட்டுக்காரங்க. வருஷா வருஷம் அறுபது பேர் உள்ள வரணும்னா இருக்கிறவங்க அத்தனை பேர் வெளிய போகணும், அவ்வளவு பேர் போறதில்ல. அதனால செகண்ட் ரவுண்ட்ல எடுத்த பையனுக்கு கான்ட்ராக்ட் கைக்கு வரும்னு உத்தரவாதமே கிடையாது, பல பேர் அந்த கீழ் லீக்கான ஜி லீக்குக்கு போறாங்க, அங்க ஒரு சீசனுக்கு சம்பளம் நாப்பதாயிரம் டாலர் சொச்சம். இல்லன்னா துருக்கி, போலந்து, ஆஸ்திரேலியான்னு கெளம்பணும், அதுவும் ப்ரோ வாழ்க்கைதான், நல்ல வாழ்க்கையாவும் இருக்கலாம், ஆனா உங்க பையன் மனசுல இருக்கிற படம் அது இல்ல. அப்புறம் உயரம். என்பிஏ சராசரி ஆறடி ஆறு அங்குலத்த ஒட்டி. ஆறடி ஒண்ணுல ஆடுறவங்க இருக்காங்க, ஆனா அந்த உயரத்துக்கு வேகமும் ஷூட்டிங்கும் மத்தவங்களவிட ரெண்டு படி மேல இருக்கணும்.

இப்ப அந்த "நெக்ஸ்ட் லெவல்" வார்த்தைக்கு வர்றேன். கோச்சுங்க பேச்சுல நெக்ஸ்ட் லெவல்னா காலேஜ். டிவிஷன் த்ரீ காலேஜும் நெக்ஸ்ட் லெவல்தான். உங்க வீட்ல அது என்பிஏன்னு கேட்டிருக்கு. கோச் பொய் சொல்லல, நீங்களும் தப்பா எடுத்துக்கணும்னு எடுத்துக்கல, ஆனா அந்த ஒரு வார்த்தையில ரெண்டு பேரும் வேற வேற ஊருக்கு டிக்கெட் எடுத்துட்டீங்க. அவர்கிட்ட நேராவே போய் கேளுங்க, எந்த டிவிஷன், எந்த மாதிரி காலேஜ், நாலஞ்சு பேரு சொல்லுங்கன்னு. நல்ல கோச் சொல்லிடுவார். சொல்ல தயங்கினா அதுவும் உங்களுக்கு ஒரு பதில்தான்.

இன்னொரு அளவுகோல் உங்க கைக்கு பக்கத்துலயே இருக்கு. டிவிஷன் ஒன் கோச்சுங்க டென்த் முடிஞ்ச ஜூன் 15லேருந்து பசங்கள நேரடியா கூப்பிட்டு பேசலாம்னு ரூல். இந்த ஜூன் 15 தாண்டி ஒரு ரெண்டு மூணு மாசத்துல போன் வருதா, யார்கிட்டேருந்து வருதுன்னு பாருங்க. பெரிய காலேஜ்காரங்க உண்மையிலயே ஒரு பையன கண்ணு வச்சிருந்தா அவங்க வெக்கப்பட்டு காத்திருக்க மாட்டாங்க. கூட்டமா எல்லாருக்கும் அனுப்புற கேம்ப் அழைப்பு மெயில இதோட சேக்காதீங்க, அது நீங்க காசு கட்டி கேம்ப்புக்கு வர்றதுக்கு.

அதுக்கு நடுவுல படிப்பு. டிவிஷன் ஒன்ல ஆடணும்னா 16 கோர் கோர்ஸ் (இங்கிலீஷ், கணக்கு, சயின்ஸ் மாதிரி முக்கிய பாடம்) முடிச்சிருக்கணும், அந்த பாடங்கள்ல ஜிபிஏ 2.3 கொறையக்கூடாது. நல்லா ஆடுற பையன் லெவன்த்ல கணக்குல கோட்டை விட்டுட்டு டுவெல்த்ல வந்து என் ரூம்ல உக்காந்து அழுதத பாத்திருக்கேன், அப்ப என்னால பண்ணக்கூடியது ரொம்ப கம்மி.

ஜெரமி லின் கதைய உங்க பையன் சொல்வான், சொல்லட்டும், எனக்கும் பிடிச்ச கதை அது. எந்த டிவிஷன் ஒன் காலேஜும் ஸ்காலர்ஷிப் குடுக்கல, ஹார்வர்ட் போனார், அங்க விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது, எகனாமிக்ஸ் டிகிரி வாங்கினார், 2010 டிராஃப்ட்ல யாரும் எடுக்கல, அப்புறமும் என்பிஏ ஆடினார். அந்தக் கதையில உங்க பையன் டிராஃப்ட் ஆகாத பாகத்த பாப்பான், நீங்க அந்த எகனாமிக்ஸ் டிகிரிய பாப்பீங்க, ரெண்டும் அந்தக் கதையில இருக்கு. ரெண்டு பேரும் சேந்து உக்காந்து பேசுறதுக்கு அதவிட நல்ல ஆரம்பம் எனக்கு தெரியல.

கேள்வி: சார், மகளுக்கு பதிமூணு வயசு. டென்னிஸ். அகாடமிக்காரங்க "சீரியஸா போகணும்னா ஸ்கூல விட்டு ஆன்லைன் ஸ்கூல் சேத்துடுங்க, தினமும் அஞ்சு மணி நேரம் ப்ராக்டிஸ்"னு சொல்றாங்க. கோச்சிங், டிராவல் எல்லாம் சேத்து எங்க வீட்டு மார்ட்கேஜ தாண்டிடுச்சு. கணவர் ப்ரோ ஆவாங்கறார், ஆகலைன்னாலும் ஸ்காலர்ஷிப்ல போட்டது வந்துடும்கறார். எனக்கு பயமா இருக்கு.

அம்மா, உங்க பயத்துக்கு அர்த்தம் இருக்கு, அத முதல்ல சொல்லிடறேன்.

டென்னிஸ்ல டிராஃப்ட், டீம் சம்பளம் எதுவும் இல்ல, ரேங்க்தான் சம்பளம். கிராண்ட் ஸ்லாம் சிங்கிள்ஸ்ல 128 பேர் ஆடுவாங்க, நூத்திச்சொச்சம் பேருக்கு ரேங்க்க வச்சு நேரா இடம். அந்த கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தா 2024 யூஎஸ் ஓபன்ல முதல் ரவுண்ட்ல தோத்தவங்களுக்கே 1,00,000 டாலர் கெடச்சுது. அந்தப் பக்கம் அடிமட்டத்துல இருக்கிற ப்ரோ டோர்னமென்ட்ல மொத்த பரிசுப்பணமே 15,000 டாலர், வந்த எல்லாருக்கும் சேத்து. அதுல கெடைக்கிற பங்குல பிளேன் டிக்கெட், ஹோட்டல், கோச், ராக்கெட் ஸ்ட்ரிங் எல்லாம் பாக்கணும். உலகத்துல நூத்தம்பதாவது எடத்துல இருக்கிற ஒரு வக்கீலோ டாக்டரோ எவ்வளவு நல்லா இருப்பாங்க, டென்னிஸ்ல அந்த எடத்துல இருக்கிற பொண்ணு அடுத்த மாச டிக்கெட்டுக்கு கணக்கு பாத்துட்டு இருப்பா.

ஸ்காலர்ஷிப்ல போட்டது வந்துடும்னு உங்க கணவர் சொல்றது நெறைய வீட்ல நடக்கிற கணக்கு, நானும் என் பொண்ணுக்கு அப்படித்தான் மனசுக்குள்ள போட்டு வச்சிருந்தேன். வருஷத்துக்கு செலவழிக்கிறத பத்து வருஷத்தால பெருக்கி பாருங்க, அந்த காச அப்படியே காலேஜ் சேமிப்புல போட்டிருந்தா பல வீட்ல ஃபீஸ் முடிஞ்சிருக்கும். பொண்ணுங்களுக்கு டென்னிஸ்ல பையன்களவிட வழி கொஞ்சம் அகலம்ங்கறது உண்மை. பொண்ணுங்களுக்கும் சம வாய்ப்பு குடுக்கணும்னு 1972ல வந்த டைட்டில் நைன் சட்டத்தால டிவிஷன் ஒன் பொண்ணுங்க டீமுக்கு ரொம்ப வருஷமா 8 முழு ஸ்காலர்ஷிப் இருந்துச்சு, பசங்க டீமுக்கு நாலரைதான். காலேஜ் விளையாட்டுக்காரங்க பணம் கேட்டு போட்ட ஹவுஸ் கேஸ்ல 2025 ஜூன்ல கோர்ட்டு ஒத்துக்கிட்ட செட்டில்மென்ட்டுக்கு அப்புறம் அந்த கணக்கு மாறி, அதுல சேந்த காலேஜ்கள்ல டீமுக்கு எத்தனை பேர்ங்கறதுக்கு மட்டும் உச்சவரம்பு, அவங்கள்ல எத்தனை பேருக்கு காசு குடுக்கணும்ங்கறது காலேஜோட பட்ஜெட். ஃபுட்பாலுக்கும் பாஸ்கெட்பாலுக்கும் முதல் பந்தி, டென்னிஸுக்கு மிச்சம் என்னன்னு ஒவ்வொரு காலேஜா கேட்டாத்தான் தெரியும். போதாததுக்கு டிவிஷன் ஒன் டென்னிஸ்ல பாதிக்கு மேல வெளிநாட்டுப் பிள்ளைங்க, அதுல சில பேர் ப்ரோ டோர்னமென்ட்ல ஆடி அனுபவப்பட்டு வர்றவங்க. உங்க பொண்ணு பக்கத்து ஊர்ப் பொண்ணோட மட்டும் மோதல, ஸ்பெயின், செக், ஜப்பான் பொண்ணுங்களோடயும் சேத்துத்தான்.

ஆன்லைன் ஸ்கூல் விஷயத்துல கொஞ்சம் அழுத்தியே சொல்றேன், அவசரப்படாதீங்க. எல்லா ஆன்லைன் ஸ்கூல் பாடத்தையும் என்சிஏஏ ஏத்துக்காது, அவங்க லிஸ்ட்ல அந்த ஸ்கூலும் அந்த பாடமும் இருக்கான்னு நீங்களே பாக்கணும், அகாடமி சொல்றத நம்பி விட்டுடக்கூடாது. அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016லயே தெளிவா சொல்லியிருக்காங்க, ஒரே விளையாட்டுல முழுசா எறங்கறத 15, 16 வயசு வரைக்கும் தள்ளிப்போடுங்க, வாரத்துல ஒண்ணு ரெண்டு நாள் லீவு குடுங்க, வருஷத்துல மொத்தமா மூணு மாசமாவது அந்த விளையாட்டுலேருந்து ஓய்வு குடுங்கன்னு. டென்னிஸ்ல கொஞ்சம் முன்னாடியே ஆரம்பிக்கணும்னு கோச்சுங்க வாதாடுவாங்க, அதுல ஓரளவு நியாயமும் இருக்கு, ஆனா பதிமூணு வயசு தோள்பட்டைக்கும் முதுகுக்கும் தினமும் அஞ்சு மணி நேரம்ங்கறத ஒரு ஸ்போர்ட்ஸ் டாக்டர்கிட்ட காட்டாம ஒத்துக்காதீங்க. அந்த வயசுல பொண்ணுங்க வளர்ற வேகமே வேற.

காலேஜ் போனா ப்ரோ கனவு செத்துடும்னு அகாடமில சொன்னாங்கன்னா அதுவும் சரியில்ல. சென்னையில வளந்த சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா யுனிவர்சிட்டியில ஆடி 2007, 2008 ரெண்டு வருஷமும் என்சிஏஏ சிங்கிள்ஸ் ஜெயிச்சுட்டு அப்புறம் உலக ரேங்க் 62 வரைக்கும் போனார். டேனியல் காலின்ஸ் அதே யுனிவர்சிட்டியில 2014லயும் 2016லயும் ஜெயிச்சு, டிகிரி முடிச்சு, 2022ல ஆஸ்திரேலியன் ஓபன் ஃபைனல் ஆடினாங்க. பென் ஷெல்டன் 2022 காலேஜ் சாம்பியன். பதிமூணு வயசுல ஸ்கூல விடாட்டி எல்லாம் போச்சுன்னு யாராவது சொன்னா இந்த மூணு பேர காட்டுங்க.

கணவரோட சண்டை போடாம ஒரே ஒரு பேப்பர் எடுத்து, வருஷத்துக்கு இவ்வளவுதான், இதுக்கு மேல ரிட்டயர்மென்ட் காசையும் வீட்டு மேல கடனையும் தொடமாட்டோம்னு ரெண்டு பேரும் ஒரு எல்லை எழுதிடுங்க. அந்த எல்லை பொண்ணுக்கு தெரியணும்னு அவசியமில்ல. அப்பா அம்மா தன்னால கடன்ல இருக்காங்கன்னு தெரிஞ்ச பொண்ணு செகண்ட் செட் டைபிரேக்கர்ல சர்வ் போடும்போது அந்த கடனும் கையில ஏறிக்கும், நான் பாத்திருக்கேன்.

கேள்வி: அங்கிள், நான் லெவன்த் கிரேடு. 400 மீட்டர் ஓடறேன். காலேஜ்லயும் ஓடணும்னு ஆசை. அப்பா எப்ப பாத்தாலும் "ரெண்டு பர்சன்ட் பேர்தான் ப்ரோ ஆவாங்க, நேரத்த வீணாக்காத, சிஎஸ் படி"ன்னு சொல்றார். நான் ப்ரோ ஆகணும்னு சொல்லவே இல்லையே.

தம்பி, கடைசி வரியில நீயே பதில் எழுதிட்ட. அப்பா சொல்ற நம்பர் சரி, என்சிஏஏல ஆடுறவங்கள்ல 2 சதவீதத்துக்கும் கம்மியான பேர்தான் ப்ரோ ஆகுறாங்க. ஆனா நீ கேக்காத கேள்விக்கு அவர் பதில் சொல்லிட்டு இருக்கார். உன் கேள்வி காலேஜ்ல ஓட முடியுமாங்கறது. ஹைஸ்கூல்ல ஏதோ ஒரு விளையாட்டு ஆடுறவங்க மொத்தம் 80 லட்சம் பேர், அதுல சுமாரா 7 சதவீதம் பேர் ஏதோ ஒரு என்சிஏஏ டீம்ல ஆடுறாங்க. பதினாலு பேருக்கு ஒருத்தர். உன் ஸ்கூல் ரிலே டீம், அதுக்கு மாத்து ஆளுங்க, இன்னும் கொஞ்சம் பேர்னு எண்ணிப் பாரு, அந்த கூட்டத்துல ஒருத்தர்.

ஓட்டத்துல இன்னொரு வசதி, டைம் பொய் சொல்லாது. பாஸ்கெட்பால்ல கோச் கண்ணுக்கு பிடிக்கணும், உனக்கு கடிகாரம் போதும். உனக்கு பிடிச்ச சிஎஸ் டிபார்ட்மென்ட் இருக்கிற பத்து காலேஜ எடு, அவங்க டீம் டைம் எல்லாம் எல்லாரும் பாக்கிற மாதிரி இருக்கு, கான்ஃபரன்ஸ் (சில காலேஜ்கள் சேந்த போட்டிக் குழு) மீட்ல எட்டாவதா வந்தவன் என்ன டைம் ஓடினான்னு பாரு, உன் டைம பக்கத்துல வை. நெருங்கி இருந்தா கோச்சுக்கு நீயே மெயில் போடு, அப்பா போடக்கூடாது. டிவிஷன் த்ரீல விளையாட்டுக்குன்னு ஸ்காலர்ஷிப் கிடையாது, ஆனா மார்க்குக்கு குடுக்கிற உதவிப்பணம் உண்டு, லேப் கிளாஸ் இருந்தா ப்ராக்டிஸுக்கு லேட்டா வர்றத புரிஞ்சுக்கிற கோச்சுங்களும் அங்க நெறைய. டிவிஷன் ஒன்ல வாரத்துக்கு 20 மணி நேரம்னு ரூல் இருந்தாலும் பஸ்ல போற நேரம், பிசியோ டேபிள்ல படுத்திருக்கிற நேரம் எல்லாம் அந்த கணக்குல வராது, சிஎஸ் ப்ராஜெக்ட்டோட அத சமாளிக்க முடியுமான்னு அங்க இப்ப ஓடிட்டு இருக்கிற பசங்ககிட்டயே கேளு.

அப்பாகிட்ட சௌரப் நேத்ரவால்கர் பத்தி பேசு, அவருக்கு கிரிக்கெட் பிடிக்காம இருக்காது. 2010ல இந்தியா அண்டர்-19 ஆடினவர், மேல வழி கெடைக்கல, கார்னெல் போய் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாஸ்டர்ஸ் படிச்சார், ஆரக்கிள்ல இன்ஜினியர். 2024 டி20 வேர்ல்ட் கப்ல அமெரிக்காவுக்காக பாகிஸ்தானுக்கு எதிரா சூப்பர் ஓவர் போட்டு ஜெயிச்சு குடுத்தது அவர்தான். படிப்பா விளையாட்டான்னு அப்பா ரெண்டா பிரிக்கிறத அந்த ஒரு ஆளோட வாழ்க்கை ஒத்துக்கல. அப்பா மேல கோவப்படாத, அவர் இந்த நாட்டுக்கு வந்தப்ப அவருக்கு விழுந்தா தாங்க ஆளில்ல, அதனால நீ விழக்கூடிய எடத்த எல்லாம் முன்னாடியே பாத்து வேலி போடறார்.

கேள்வி: நாங்க எச்1பி வேலை விசா, பிள்ளை அதோட சேந்த எச்4. காலேஜ் கோச் ஸ்காலர்ஷிப் தர்றேங்கறார், என்ஐஎல் பணமும் வரும்ங்கறார். வாங்கலாமா?

ஸ்காலர்ஷிப் தாராளமா வாங்கலாம், வெளிநாட்டு மாணவங்க நெறைய பேர் வாங்குறாங்க, விசா அதுக்கு தடை இல்ல. தன் பேரையும் முகத்தையும் வச்சு சம்பாதிக்கிற என்ஐஎல் வேற சமாச்சாரம். 2021 ஜூலைலேருந்து என்சிஏஏ அத அனுமதிக்குது, ஆனா என்சிஏஏ சரின்னு சொல்றதும் இமிக்ரேஷன் சரின்னு சொல்றதும் ஒண்ணு கெடையாது. எச்4 பிள்ளைக்கு வேலை செய்ய அனுமதியே இல்ல, 21 வயசுல எச்4ம் முடிஞ்சுடும், அப்ப ஸ்டூடன்ட் விசாவான எஃப்1க்கு மாறினா கேம்பஸுக்கு வெளிய வேலைன்னா கடுமையான கட்டுப்பாடு. விளம்பரத்துல நடிச்சு காசு வாங்கினா அது வேலைன்னு எடுத்துக்கிட்டா பிள்ளையோட ஸ்டேட்டஸே போயிடும். இப்ப காலேஜே நேரா குடுக்கிற ரெவென்யூ ஷேர் பணத்துக்கும் இதே ஜாக்கிரதை வேணும். கோச் நல்லவரா இருக்கலாம், அவர் வக்கீல் இல்ல. கையெழுத்துக்கு முன்னாடி இமிக்ரேஷன் வக்கீல் ஒருத்தர காசு குடுத்து பாருங்க, அந்த காசு வீண் இல்ல.

கேள்வி: பையன் டுவெல்த், பேஸ்பால்ல பிட்சர் (பந்து வீசறவன்). பேஸ்பாலோட பெரிய லீக் எம்எல்பி டிராஃப்ட்ல கடைசி ரவுண்டுகள்ல எடுப்பாங்கன்னு ஒரு ஸ்கவுட் சொல்றார். காலேஜா, கான்ட்ராக்டா?

கடைசி ரவுண்டுன்னா என் ஓட்டு காலேஜுக்கு. பேஸ்பால் டிராஃப்ட் முன்ன 40 ரவுண்ட் இருந்துச்சு, 2021லேருந்து 20 ரவுண்ட்தான், எடுத்தாலும் நேரா பெரிய டீம் இல்ல, மைனர் லீக்ல படிப்படியா ஏறணும், பெரும்பாலானவங்க மேல வரைக்கும் போறதே இல்ல. 2023ல முதல் தடவையா யூனியன் ஒப்பந்தம் வந்து சம்பளம் ஏறினதுக்கு அப்புறமும் மைனர் லீக்ல உச்சமான டிரிபிள் ஏ மட்டத்துலயே வருஷத்துக்கு 35,800 டாலர்னுதான் ஆச்சு. நாலு வருஷ காலேஜ்ல சேந்தா மூணு வருஷம் முடியுற வரைக்கும், இல்ல 21 வயசாகுற வரைக்கும், திரும்ப டிராஃப்ட்டுக்கு வர முடியாது, பரவாயில்ல, இருபத்தொண்ணுல உடம்பும் பந்தும் இன்னும் பலமா இருக்கும். சைனிங் போனஸ் வாழ்க்கையவே மாத்துற அளவு பெருசுன்னா பேச்சு வேற, அப்ப கூட பின்னால காலேஜ் படிக்க டீம் காசு குடுக்கிற ஸ்காலர்ஷிப் பிளான கான்ட்ராக்ட்லயே எழுதி வாங்குங்க, ஆட்டத்த விட்ட ரெண்டு வருஷத்துக்குள்ள காலேஜ் சேரணும்ங்கற கண்டிஷனையும் மறக்காதீங்க.

கேள்வி: அங்கிள், நான் காலேஜ் ஃபைனல் இயர், டிவிஷன் ஒன் ஸ்விம்மிங், ஃபுல் ஸ்காலர்ஷிப். ஆறு வயசுலேருந்து காலைல அஞ்சு மணிக்கு தண்ணில இருக்கேன். பிப்ரவரில கடைசி மீட் முடிஞ்சுது. ஒலிம்பிக் ட்ரயல்ஸ் டைம் எனக்கு வரல, வராதுன்னும் தெரியும். இப்ப காலைல அஞ்சு மணிக்கு தானா முழிப்பு வருது, என்ன பண்றதுன்னு தெரியாம சீலிங்க பாத்துட்டு படுத்திருக்கேன். அம்மாகிட்ட சொன்னா "நல்லா தூங்கேன்"ங்கறாங்க.

அம்மாடி, உன் லெட்டர மூணு தடவ படிச்சேன்.

என் பொண்ணுக்கு செகண்ட் இயர்ல முட்டி ஏசிஎல் (தசைநார்) கிழிஞ்சுது. சாக்கர், பாஸ்கெட்பால்ல பொண்ணுங்களுக்கு பசங்களவிட அது பல மடங்கு அதிகமா நடக்குதுன்னு எல்லாம் எனக்கு முன்னாடியே தெரியும், தெரிஞ்சு என்ன, ஹாஸ்பிட்டல்ல அவ கேட்ட முதல் கேள்வி "எப்ப ஓடலாம்". ஒம்பது மாசம் கழிச்சு திரும்ப வந்தா, அதுக்குள்ள அவள தேடி வந்து எடுத்த கோச் வேற காலேஜுக்கு போயிட்டார், புதுசா வந்தவர் தன் ஆளுங்கள கூட்டிட்டு வந்துட்டார். கடைசி ரெண்டு வருஷம் பெஞ்ச். கடைசி மேட்ச் முடிஞ்ச ராத்திரி போன்ல "அப்பா, நான் இனிமே யாரு"ன்னு கேட்டா. நான் அன்னிக்கு வேலை, மாஸ்டர்ஸ், ரெஸ்யூமேன்னு அரை மணி நேரம் பேசினேன். அவ கேட்டது அது இல்லன்னு எனக்கு பல மாசம் கழிச்சுத்தான் புரிஞ்சுது. அதனால உன்கிட்ட அந்த தப்ப பண்ண மாட்டேன்.

நீ எழவு காக்குற மாதிரி இருக்க, அது சரிதான், பதினஞ்சு வருஷம் கூட இருந்த ஒண்ணு போயிருக்கு. தண்ணி, டீம், வலி, பசி, கோச்சோட விசில், எல்லாமே ஒரே நாள்ல நின்னு போச்சு. உன்ன மாதிரி ஐஞ்சு லட்சத்துக்கு மேல பேர் என்சிஏஏல ஆடுறாங்க, கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஒரு நாள் இந்த காலை வரும். ப்ரோ ஆகுறவங்களுக்கும் வரும், அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்ல சராசரி கேரியரே மூணு வருஷத்த கொஞ்சம் தாண்டினதுதான்னு ப்ளேயர்ஸ் யூனியனே சொல்றாங்க. நீ தோத்ததால இது வரல. காலேஜ்ல ஆடுறவங்களுக்குன்னே ஸ்போர்ட்ஸ் சைக்காலஜிஸ்ட் வச்சிருப்பாங்க, நீ இன்னும் டீம் லிஸ்ட்ல இருக்கும்போதே போய் பாரு, தூக்கம் இப்படியே போச்சுன்னா தள்ளிப்போடாத.

அந்த அஞ்சு மணிய உடனே எதையாவது போட்டு நிரப்ப வேணாம். என் பொண்ணு கொஞ்ச நாள் அந்த நேரத்துல வெறுமனே நடந்தா, போன் இல்லாம. அப்புறம் பக்கத்து பார்க்ல எட்டு வயசு பொண்ணுங்க டீமுக்கு சனிக்கிழமை கோச்சிங் போனா, இப்ப பிசிக்கல் தெரபி படிக்கிறா, அது அவளா வந்து சேந்தது, நான் சொன்னது எதையும் அவ கேக்கல.

காகித வேலை மட்டும் என் வாயிலேருந்து கேட்டுக்கோ, ஏன்னா இத யாரும் கூப்பிட்டு சொல்ல மாட்டாங்க. 2024 ஆகஸ்ட்லேருந்து டிவிஷன் ஒன்ல விளையாட்டால வந்த காயத்துக்கு, நீ வெளிய வந்த பிறகும் ரெண்டு வருஷம் மருத்துவச் செலவ பாத்துக்கணும்னு ரூல் இருக்கு. ஸ்விம்மர்னா தோள்பட்டை சும்மா இருந்திருக்காது. நாலு வருஷமா வலிய பல்ல கடிச்சுட்டு ஓட்டியிருப்ப, கிராஜுவேஷனுக்கு முன்னாடி ட்ரெய்னிங் ரூம்ல போய் ரெண்டு தோளையும் காட்டி எழுத்துல பதிவு பண்ண வை, பழைய ஸ்கேன், ரிப்போர்ட் எல்லாத்துக்கும் காப்பி வாங்கிடு. டிகிரில ஏதாவது கிரெடிட் பாக்கி நின்னாலும் பதறாத, ஃபுல் ஸ்காலர்ஷிப்ல இருந்தவங்க பத்து வருஷத்துக்குள்ள திரும்பி வந்து முடிக்க காலேஜ் காசு குடுக்கணும்னும் இருக்கு, ரூல்கள பாத்துக்கிற கம்ப்ளையன்ஸ் ஆபீஸ்ல கேட்டு எழுதி வாங்கி வச்சுக்கோ.

அம்மாகிட்ட இந்த பக்கத்த காட்டு. தூங்கச் சொல்றதுக்கு பதிலா ஒரு நாள் அஞ்சு மணிக்கு உன்கூட எழுந்து காபி போட்டு உக்காரச் சொல்லு, அவங்களும்தான் உன்ன பூலுக்கு கூட்டிட்டு போக அத்தனை வருஷம் அந்த நேரத்துக்கு எழுந்தவங்க. அவங்களுக்கும் முழிப்பு வரும்னுதான் நினைக்கிறேன்.